கிதாரின் கம்பிச் சுருள்: ஒன்றா, இரண்டா?

மின்சாரக் கிதார் வாசிக்கும் இளைஞர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. கையில் இருப்பது ஒரே கிதார். அதிலேயே மெல்லிசை வாசிக்க வேண்டும். ஜாஸ் வாசிக்க வேண்டும். ராக் இசையின் முழக்கமும் வர வேண்டும். வேறு கிதார் வாங்கப் பணம் இல்லை. ஆகவே தந்திகளுக்கு அடியில் பதிக்கப்பட்டிருக்கும் ‘பிக்கப்’ என்னும் சிறு உறுப்பை மட்டும் கழற்றிவிட்டு, ‘எல்லாவற்றுக்கும் ஏற்றது’ என்று விளம்பரம் செய்யப்படும் வேறொன்றைப் பொருத்திக்கொள்ள விரும்புகிறார்கள். கடையில் கேட்டால், “இது 8 கிலோ ஓம், அது 14 கிலோ ஓம், எண் கூடக்கூட வலிமை கூடும்” என்று சொல்லுவார்கள்.

அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? எல்லாவற்றுக்கும் ஏற்ற பிக்கப் என்று ஒன்று இருக்க முடியுமா? விடை காண வேண்டுமானால் 1930களிலிருந்து தொடங்கும் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும். அந்த வரலாறு முழுவதும், 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதி ஒன்றின் மேல் நிற்கிறது.

பொரிசட்டியில் பிறந்த கருவி

1920களில் அமெரிக்க நடன அரங்குகளில் கிதார் பரிதாபமான நிலையில் இருந்தது. ட்ரம்பெட்டும் சாக்சஃபோனும் முரசும் முழங்கும்போது, மரப்பெட்டியின் அதிர்வை மட்டுமே நம்பியிருந்த கிதாரின் குரல் முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை. அக்காலத்தில் ஹவாய் கிதார் மிகவும் புகழ் பெற்றிருந்தது. கருவியை மடியில் கிடத்தி, உருக்குத் துண்டு ஒன்றால் தந்திகளை வருடி வாசிக்கும் முறை அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹவாய் கிதார் வாசித்துவந்த ஜார்ஜ் பீச்சம் என்பவர், தந்தியின் அசைவையே நேராக மின்சாரமாக மாற்றிவிட முடியாதா என்று முயன்றார். 1931இல் அவருடைய முதல் மாதிரிக் கருவி உருவாயிற்று. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற தொழிலதிபரின் துணையுடன், வார்ப்பு அலுமினியத்தாலான கருவி 1932இல் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட தண்டியும் கொண்டிருந்ததால் அதற்குப் ‘பொரிசட்டி’ என்ற செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் பீச்சமுக்குக் கிடைத்தது.

பொரிசட்டியின் பிக்கப்பில் இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளைச் சுற்றி வளைத்திருந்தன. தந்திகளுக்குக் கீழே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று. இன்றைய பிக்கப்புகளின் வடிவம் வேறு. ஆனால் தத்துவம் அதுவே. உருக்குத் தந்தி, அருகிலுள்ள நிலைக்காந்தத்தால் தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடியும் குறைந்தும் மாறுகிறது. பாயம் மாறும் வேகத்துக்கும் சுருளின் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் மிகக் குறைந்த அழுத்தமே. பெருக்கியின் மூலம் அதனைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்குத் தருகிறோம்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக்கப் என்பது மைக்ரோஃபோன் அன்று. அதன் முன் நின்று பாடினால் அது கேட்காது. நைலான் தந்தி கட்டினாலும் அதற்குச் செவிடுதான். அதற்குத் தெரிந்தது காந்தப் பாயத்தின் மாற்றம் ஒன்றே.

கிப்சன் நிறுவனம் 1936இல் இ.எஸ்.-150 என்னும் மின்கிதாரை வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அந்தக் கிதாருடன் 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். பின்னணியில் தாளத்துக்குத் துணைநின்ற கிதார் அவர் கையில் சாக்சஃபோனுக்குச் சமமாகத் தனி ஆவர்த்தனம் செய்தது. 1942இல், 25 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அந்தக் குறுகிய காலத்தில் மின்கிதாருக்கு ஜாஸ் உலகில் அவர் பெற்றுத் தந்த இடம் பெரிது.

இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்?

கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவந்த லியோ ஃபெண்டர், திண்மரத்தாலான கிதாரை 1950இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1951 முதல் அதன் பெயர் டெலிகாஸ்டர். 1954இல் மூன்று பிக்கப்புகள் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இதன் பிக்கப்பில், ஆறு தந்திகளுக்கும் ஆறு அல்னிகோ காந்தத் தண்டுகள் இருந்தன. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்புடன் கலந்து செய்யும் உலோகக் கலவையே அல்னிகோ. அந்தத் தண்டுகளைச் சுற்றி, தலைமயிரையொத்த மெல்லிய செப்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீட்டர், மின்தடை 6 கிலோ ஓம் அளவு.

ஒலி போதவில்லையென்றால் இன்னும் 8,000 சுற்று சுற்றிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுற்றுகளை இரட்டிப்பாக்கினால் தூண்டப்படும் மின்னழுத்தமும் இரட்டிப்பாகும். இது வரவு. ஆனால் சுருளின் தன்மின் தூண்டல் எண், சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே அது நான்கு மடங்காகும். கிதாரிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் கேபிளுக்கு மின்தேக்குத் திறன் உண்டு. சுருளும் கேபிளும் சேர்ந்து, நாம் பாடத்தில் படிக்கும் ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. ஒத்ததிர்வு அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகள் எடுப்பாகக் கேட்கும். அதற்கு மேற்பட்டவை விரைவில் மங்கிவிடும். சுருளின் தூண்டல் எண் 2 ஹென்றி என்றும், கேபிளும் சுருளும் சேர்ந்த மின்தேக்குத் திறன் 600 பிகோ ஃபாரட் என்றும் கொண்டால், ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 4,600 ஹெர்ட்ஸ். தூண்டல் எண் 8 ஹென்றியானால் அது 2,300 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும்.

ஒலி இரு மடங்கு. ஆனால் மணி ஒலிப்பதுபோன்ற மேற்சுரங்களில் ஒரு பெரும் பகுதி போய்விட்டது. கிதார் ‘பளிச்’சென்று பேசுவதும், கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் முனகுவதும் இந்த அதிர்வெண் எங்கே நிற்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தவை. எந்த உற்பத்தியாளராலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

கடைக்காரர் சொல்லும் கிலோ ஓம் எண்ணையும் இங்கேயே முடித்துவிடலாம். மின்தடை, கம்பியின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. 0.063 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 0.056 மில்லிமீட்டர் கம்பியால் அதே எண்ணிக்கையில் சுற்றினாலும் மின்தடை கால் பங்குக்கு மேல் உயர்ந்துவிடும். தூண்டப்படும் மின்னழுத்தமோ ஏறக்குறைய மாறாது. ஒரே கம்பியால், ஒரே அமைப்பில் செய்த இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடத்தான் கிலோ ஓம் பயன்படும். வலிமைக்கு அதையே அளவுகோலாகக் கொள்வது, பாத்திரத்தின் கனத்தைப் பார்த்துப் பாலின் அளவைச் சொல்வது போன்றது. தூண்டல் எண்ணை அட்டைப் பெட்டியில் அச்சிட்டால் வாங்குபவருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். எல்லா நிறுவனங்களும் அவ்வாறு செய்வதில்லை.

ரீங்காரம் என்னும் தொல்லை

ஒற்றைச் சுருளுக்கு இன்னொரு குறை பிறவியிலேயே உண்டு. காந்தப் பாயம் மாறினால் மின்னழுத்தம் தோன்றும் என்பது விதி. அந்த மாற்றம் தந்தியால் வந்ததா, பக்கத்து மின்மாற்றியால் வந்ததா என்று சுருளுக்குத் தெரியாது. பெருக்கியின் மின்மாற்றி, டியூப் லைட்டின் சோக், மேடை விளக்குகளின் ஒளிகுறைப்பான் யாவும் தம்மைச் சுற்றி மாறுதிசைக் காந்தப் புலத்தைப் பரப்புகின்றன. அதனால் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸிலும் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸிலும், அவற்றின் மடங்குகளிலும் ஓயாத ரீங்காரம் கேட்கும். வாசிப்பவர் நிறுத்தினாலும் அது நிற்காது. ‘ஹம்’ என்று இசைக்கலைஞர்கள் நொந்துகொள்வது இதனைத்தான்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையில் பணியாற்றிய செத் லவர் என்ற மின்னணுப் பொறியாளர் இதற்கு வழி கண்டார். அவர் பெருக்கிகளை வடிவமைத்தவர். ரீங்காரத்தோடு ஏற்கெனவே போராடியவர். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். இரண்டாவது சுருளின் சுற்றும் திசையை முதலாவதற்கு எதிராக்கினார். அதோடு நிற்காமல், அதற்குரிய காந்தத் துருவத்தையும் எதிராக்கினார்.

இந்த இரண்டாவது படியில்தான் அழகு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ரீங்காரப் புலத்துக்குப் பிக்கப்பின் காந்தம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பொருட்டன்று. அதற்கு ஒரே ஒரு குறி மாற்றம்தான்: சுற்றும் திசை. ஆகவே இரண்டு சுருள்களிலும் ரீங்காரம் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. தந்தியின் செய்திக்கோ இரண்டு குறி மாற்றங்கள்: சுற்றும் திசையால் ஒன்று, துருவத்தால் ஒன்று. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் அல்லவா? அது இரண்டு சுருள்களிலும் ஒரே திசையில் தோன்றிக் கூடுகிறது. வேண்டாதது கழிந்து, வேண்டியது இரட்டிக்கிறது.

1955 ஜூனில் லவரின் காப்புரிமை விண்ணப்பம் பதிவாயிற்று. ரீங்காரத்தை முறியடிப்பது என்ற பொருளில் இதற்கு ‘ஹம்பக்கர்’ என்று பெயர். 1957இல் கிப்சனின் லெஸ் பால் கிதார்களில் இது இடம் பெற்றது. காப்புரிமை 1959 ஜூலையில் கிடைத்தது. அதே காலத்தில் கிரெட்ச் நிறுவனத்துக்காக ரே பட்ஸ் என்பவரும் தனியே இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். இரு சுருள்களால் ரீங்காரத்தை அழிக்கும் கருத்து 1930களின் காப்புரிமைகளிலேயே காணப்படுகிறது என்பதால், இதனை ஒருவருடைய தனிச் சொத்தாகச் சொல்வது சரியன்று. லவர் 1967இல் ஃபெண்டர் நிறுவனத்துக்கே சென்று, அங்கும் ஒரு ஹம்பக்கரை வடிவமைத்தார்!

தொடக்ககால ஹம்பக்கர்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளுடைய சிறு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. இந்த ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பி.ஏ.எஃப்.’ என்று இன்றும் அவற்றைப் போற்றுகிறார்கள். காப்புரிமை கிடைத்த பிறகு ஒட்டிய சீட்டில் கிப்சன் நிறுவனம் எண்ணை அச்சிட்டது. ஆனால் அந்த எண் பிக்கப்பின் காப்புரிமைக்கு உரியதன்று. தந்திகளைப் பிணைக்கும் உலோக உறுப்பு ஒன்றுக்காக லெஸ் பால் பெற்ற காப்புரிமைக்கு உரியது. பிக்கப்பைக் காப்பியடிக்க நினைத்து அந்த எண்ணைத் தேடிச் சென்றவர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

கழற்றி மாட்டும் காலம்

1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட லெஸ் பால் கிதார்கள் அப்போது நன்றாக விற்கவில்லை. 1961இல் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. 1966இல் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவோடு பதிவு செய்த இசைத்தட்டில் அத்தகைய பழைய கிதாரை மார்ஷல் பெருக்கியில் இணைத்து, ஒலியளவை வெகுவாக உயர்த்தி வாசித்தார். பெருக்கியின் வால்வுகள் தாங்கும் எல்லையைக் கடந்து கரகரத்த அந்த ஒலி, ஒரு தலைமுறையையே மயக்கிற்று. பழைய கிதார்களின் விலை ஏறத் தொடங்கியது. அவற்றை வாங்க முடியாதவர்கள், அந்தப் பிக்கப்பாவது கிடைக்காதா என்று அலைந்தார்கள்.

பழைய பி.ஏ.எஃப்.களை மந்திரப் பொருளாகக் கொண்டாடுவது எனக்கு உடன்பாடன்று. சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று என்பது குறிக்கோள். ஆனால் அக்காலத்தில் சுற்றும் பொறிகள் எண்ணிக்கை முடிந்ததும் தாமே நிற்பவை அல்ல. ஒன்றுக்கு ஒன்று சில நூறு சுற்றுகள் கூடும், குறையும். இரண்டு சுருள்கள் சமமாக இல்லாதபோது ரீங்காரம் முழுதும் அழிவதில்லை; ஒலியிலும் சிறு வேறுபாடு உண்டு. அருமையாக அமைந்தவையும் உண்டு, சாதாரணமானவையும் உண்டு.

நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்சியோ 1972இல் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற பிக்கப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிதாரோடு சேர்த்து விற்காமல், மாற்றிப் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்டவற்றில் இது முன்னோடி. அல்னிகோவுக்குப் பதிலாகச் செராமிக் காந்தம், கூடுதலான சுற்றுகள். பெருக்கியை எளிதில் கரகரக்க வைக்கும் வலிமை இதன் நோக்கம். 1976இல் சீமோர் டங்கன் கலிஃபோர்னியாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் அதற்கு முன்பே லண்டனில், பழைய ஹம்பக்கர்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றி, டெலிகாஸ்டர் ஒன்றில் பொருத்தி ஜெஃப் பெக்குக்குக் கொடுத்தவர். 1978இல் வெளிவந்த தம் குழுவின் முதல் இசைத்தட்டுக்கு எட்வர்ட் வான் ஹேலன் பயன்படுத்திய கிதார், பல உறுப்புகளைத் தாமே கூட்டி ஒட்டியது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில், குதிரைக்கு அருகே கிப்சன் ஹம்பக்கர். பேரொலியில் சுருளின் கம்பிகளே அதிர்ந்து கீச்சிடாதிருக்க, பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி எடுத்தார். சரியாகச் செய்யாவிட்டால் பிக்கப் வெந்து வீணாகிவிடும் வேலை இது.

ஒன்றுக்குள் பல

இப்போது நம் இளைஞரிடம் வருவோம். ஒற்றைச் சுருளுக்குத் தெளிவு உண்டு, ரீங்காரமும் உண்டு. ஹம்பக்கரில் ரீங்காரம் இல்லை. தொடராக இணைந்த இரண்டு சுருள்களால் தூண்டல் எண் கூடி, உச்ச அதிர்வெண் இறங்கிவிடுகிறது. ‘இரண்டு இடங்களில் தந்தியைத் தொடுவதால்தான் ஹம்பக்கர் மங்கலாக ஒலிக்கிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். இது பாதி உண்மை. இரு வரிசை முனைகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். அரை அலைநீளம் இந்த அளவுக்குச் சமமாகும் மேற்சுரமே முற்றிலும் அழியும். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள தந்தியில் அது 36ஆவது மேற்சுரம். மிகத் தடித்த தந்தியில் அது 3,000 ஹெர்ட்ஸ் அளவில் விழும். மிக மெல்லிய தந்தியிலோ 12,000 ஹெர்ட்ஸை நெருங்கிவிடும். அங்கே கிதார் பெருக்கியில் ஒலியே அதிகம் இல்லை. ஆகவே மெல்லிய தந்திகளில் பெரிய காரணம் தூண்டல் எண்தான்.

ஹம்பக்கரின் இரண்டு சுருள்களின் முனைகளையும் தனித்தனியே, நான்கு கம்பிகளாக வெளியே கொண்டுவந்துவிட்டால், ஒரு சிறு ஸ்விட்சின் மூலம் இணைப்பை மாற்றலாம். ஒரு சுருளை அணைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் பயன்படுத்துவது ஒரு முறை. பலரும் இதையே விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் பழைய பாணி ஹம்பக்கரில் ஒரு சுருளுக்கு 5,000 சுற்றுதானே? ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கோ 8,000. பாதியாக்கியதும் ஒலி மெலிந்து சோகையாகிவிடும், ரீங்காரமும் திரும்பிவிடும். முழுதாக வாசிக்கும்போது தடிமனாக ஒலிக்கும், அதிகச் சுற்றுள்ள பிக்கப்புகளே பாதியாக்கும்போது நன்றாகப் பேசுகின்றன. விளம்பரங்கள் இதனை எடுத்துச் சொல்வதில்லை.

இன்னொரு முறை, இரண்டு சுருள்களையும் பக்க இணைப்பில் வைப்பது. ஒவ்வொன்றின் தூண்டல் எண்ணும் 2 ஹென்றி என்றும், ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்றும் கொள்வோம். தொடரிணைப்பில் 4 ஹென்றி. பக்க இணைப்பில் 1 ஹென்றி. நான்கில் ஒரு பங்கு. அதே கேபிளில் ஒத்ததிர்வு அதிர்வெண் இரு மடங்காக உயர்கிறது. மின்னழுத்தம் பாதியாகக் குறைகிறது. ஆனால் இரண்டு சுருள்களும் வேலை செய்வதால் ரீங்காரம் அழிந்தே இருக்கிறது. தெளிவும் அமைதியும் ஒருங்கே கிடைக்கும் இந்த இணைப்பை வாசிப்பவர்கள் குறைவாக மதிப்பது எனக்கு வியப்பாகவே உள்ளது. பெருக்கியின் ஒலியளவைச் சிறிது கூட்டினால் குறை தீர்ந்துவிடுமே.

பல பயன் கிதாருக்குத் தொழிற்சாலைகளும் இவ்வழியே வந்து சேர்ந்தன. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் முதலில் மூன்று நிலை ஸ்விட்சே இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளையும் ஒருசேர ஒலிக்க வைத்தார்கள். 1977இல் ஃபெண்டர் நிறுவனமே ஐந்து நிலை ஸ்விட்சை வைத்தது. 1987இல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனேஸ் வெளியிட்ட கிதாரில் இரு ஓரங்களிலும் ஹம்பக்கர், நடுவே ஒற்றைச் சுருள். நடுநிலைகளுக்குத் தள்ளும்போது ஹம்பக்கர் தானே பாதியாகிவிடும்.

ஒரே கிதாரில் பலவும் வாசிக்க விரும்புபவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: குதிரைக்கு அருகே, நான்கு கம்பிகள் கொண்ட, நடுத்தரத்தைவிடச் சற்றே அதிகச் சுற்றுள்ள ஹம்பக்கர், தண்டியின் பக்கம் ஒற்றைச் சுருளோ, சுற்றுக் குறைந்த ஹம்பக்கரோ போதும். குதிரைக்கு அருகில் தந்தியின் அசைவு சிறியது. ஆகவே வலிமை அங்கேதான் தேவை. தண்டியின் பக்கம் அசைவு பெரியது. அங்கும் வலிய பிக்கப்பை வைத்தால் ஒலி குழைந்துவிடும். ஒற்றைச் சுருள் கிதாரில் ஹம்பக்கர் வைப்பவர்கள், ஒலியளவுக் கட்டுப்பாட்டையும் பார்க்க வேண்டும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வைப்பது வழக்கம். 250ஐ அப்படியே விட்டால் ஒத்ததிர்வின் உச்சம் தணிந்து ஒலி மங்கும். பழி புதிய பிக்கப்பின் மேல் விழும்.

வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. பிக்கப்பின் இரு ஓரத்திலும் உள்ள திருகாணிகள் அதன் உயரத்தை மாற்றுபவை. தந்திக்கு மிக அருகில் இருந்தால் ஒலி கூடும். ஆனால் வலிய காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, தடித்த தந்திகளில் சுருதி அலைவது போன்ற பேதம் உண்டாகும், ஒலியும் விரைவில் அடங்கும். கால் கால் திருப்பாக இறக்கி, ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேட்க வேண்டும். பிக்கப் கெட்டுவிட்டது என்று கழற்றப் போனவர்கள் சிலர், இரண்டு மில்லிமீட்டர் இறக்கியபின் பழையதையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.